மறு: ‘ஸ்டெபிலைசர் லெக்’ – தாங்குகால் வேண்டாம், ஊன்றுகால் என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குட்டி வீட்டின் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பாலக்கோட்டுப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டர் டிரெய்லர் அடிச்சட்டத்தின் மேல் குட்டி வீடு இதுவரை மூன்று கட்டிக் கொடுத்திருக்கிறேன். மூன்றுமே மாந்தோப்புக் காவலுக்கு. காய்ப்புக் காலத்தில் தோப்புக்குத் தோப்பு இழுத்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு ‘குட்டி வீடு’ என்ற பெயரே போதும் என்று குழு முடிவெடுத்தது எனக்கும் சம்மதம். அதன் நான்கு மூலையிலும் இறக்கிவிடும் கால்களுக்கு, ஆங்கிலத்தில் ‘ஸ்டெபிலைசர் லெக்’ என்பதற்கு, தமிழில் என்ன பெயர் என்பதில்தான் மாறுபடுகிறேன்.

> தாங்குகால் என்றே வைத்துவிடலாம். வீட்டைத் தாங்குகிறது, கால் போல இருக்கிறது. எல்லாருக்கும் புரியும்.

ஓசூர் ஐயா மன்னிக்க வேண்டும். அந்தக் கால் வீட்டைத் தாங்குவதில்லை, தாங்கவும் கூடாது. என் மறுப்பு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

வீட்டின் பாரம் அச்சு, பட்டை ஸ்பிரிங், டயர் வழியாகத் தரைக்குப் போகிறது. இழுத்துப் போகும்போது மட்டுமல்ல, நிறுத்தி வைத்திருக்கும்போதும் அப்படித்தான். ஆனால் பட்டையும் டயரும் நெகிழ்ந்து கொடுப்பவை. உள்ளே ஆள் நடந்தால் வீடு அசையும். முதல் வீட்டைக் கொண்டுபோய் விட்ட மறுநாளே காவல்காரர் மனைவி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது களி கிண்டிக்கொண்டு இருந்தார். கேழ்வரகு மாவு இறுக இறுகத் துடுப்பைப் பிடித்து உடம்பின் பலம் முழுவதையும் போட்டுத்தானே கிண்ட வேண்டும்? அவர் ஒவ்வொரு தடவை துடுப்பை அழுத்தும்போதும் வீடு ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீர் விளிம்பில் மோதி மோதித் தரையில் சிந்தியது. சுவரில் மாட்டியிருந்த முறம் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. “தம்பி, ஓடுற பஸ்ஸுல சமைக்கிற மாதிரி இருக்குது” என்றார்.

இந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் அந்தக் காலின் வேலை. பாரத்தைச் சக்கரமே வைத்துக்கொள்ளட்டும். கால் தரையைத் தொட்டு, கொஞ்சம் இறுகி, அசைய விடாமல் பிடித்தால் போதும்.

பெயரில் இதை ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டாவது வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோப்பு. அப்போது நாங்கள் இதை ‘ஜாக்கி’ என்றுதான் சொல்லிக்கொண்டு இருந்தோம். “நாலு மூலையிலயும் ஜாக்கி போட்டுட்டு வாப்பா” என்று சொல்லி என்னோடு இருந்த பையனை அனுப்பினேன். அவன் முன்பு போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவன். நம் மாவட்டத்தில் போர் போடும் ரிக் வண்டியைப் பார்க்காதவர் யார்? வந்ததும் அடியில் கட்டைகளை அடுக்கி, ஹைட்ராலிக் ஜாக்கியை இறக்கி, லாரியையே தூக்கி நிறுத்துவார்கள். அவனுக்கு ஜாக்கி என்றால் அதுதான். பின்பக்க இரண்டு கால்களையும் திருகிக்கொண்டே போய், சக்கரம் தரையைவிட்டு இரண்டு விரல் எழும்பிய பிறகுதான் நிறுத்தினான். அன்று இரவு நல்ல மழை. செம்மண் குழைந்துவிட்டது. வலது கால் மண்ணுக்குள் இறங்கி, உள்குழாய் ஆணித் துளை இருந்த இடத்தில் மடங்கியது. காலையில் கதவு நிலையோடு இறுகிக்கொண்டு திறக்கவில்லை. காவல்காரர் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வந்தார். யாருக்கும் அடிபடவில்லை.

பையன்மேல் குற்றம் சொல்ல முடியாது. நான் சொன்ன சொல்லுக்கு என்ன பொருளோ அதைத்தான் அவன் செய்தான்.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. வீடு இரண்டு டன் என்று வையுங்கள். சக்கரத்துக்குப் பாரமே இல்லாமல் நான்கு காலில் நின்றால் காலுக்கு 500 கிலோ. பாதத் தகடு 15 செ.மீ. சதுரம் என்றால் பரப்பு 225 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணின் மேலும் 2 கிலோவுக்கு மேல் அழுத்தம். காய்ந்த செம்மண் இதைத் தாங்கலாம். மழையில் ஊறியது தாங்காது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அடியில் 30 செ.மீ. சதுரப் பலகை ஒன்றைப் போட்டாலே பரப்பு 900 ஆகிவிடும், அழுத்தம் நாலில் ஒன்றாகக் குறையும். அதனால் பலகை இல்லாமல் இப்போது நான் எந்தக் காலையும் இறக்குவதில்லை.

இப்போது செய்கிற காலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உறுப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது வேலையும் தெரிந்திருக்க வேண்டும். வெளியே 50×50 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. கனம், அரை மீட்டர் நீளம். அதை அடிச்சட்டத்துச் சேனலில்தான் வெல்டிங் வைக்க வேண்டும், தரைப்பலகைச் சட்டத்தில் கூடாது. உள்ளே 40×40 குழாய், அதே கனம், அதே நீளம். 5 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு ஆணி செருகினால் உயரம் ஏறத்தாழ அமைந்துவிடும். மிச்சத்தை நுணுக்கமாக அமைக்க உள்குழாயின் அடியில் 20 மி.மீ. நட்டு ஒன்றை வெல்டிங் செய்து, அதில் ஒரு சாண் நீள மரைத்தண்டு, அதாவது திருகுபுரி வெட்டிய தண்டு. தண்டின் கீழ் முனைக்குச் சற்று மேலே இன்னொரு நட்டை நிலையாக வெல்டிங் வைத்துவிட்டால் 30 ஸ்பேனரால் திருகலாம். முழுச் சுற்றுக்கு இரண்டரை மி.மீ. இறங்கும். எவ்வளவு அழுத்தினாலும் தானாகப் பின்னால் சுழலாது, அந்த மரையின் சரிவு அவ்வளவு குறைவு.

பாதத் தகட்டைத் தண்டோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடாதீர்கள். திருகும்போது தகடும் சுழன்று மண்ணைத் தோண்டும். தகட்டின் நடுவில் ஒரு சின்னக் குழாய்த் துண்டைக் கிண்ணம் போல வெல்டிங் வைத்து, தண்டின் முனை அதற்குள் உட்காரும்படி விட்டால் தகடு அசையாமல் இருக்கும்.

வெளிக்குழாயின் உள் அளவு 44, உள்ளே போவது 40. பக்கத்துக்கு 2 மி.மீ. இடைவெளி நிற்கும், அந்த இடைவெளியே மறுபடி ஆட்டமாகிவிடும். வெளிக்குழாயின் பக்கத்தில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, போல்ட்டைத் திருகி உள்குழாயை ஒரு சுவரோடு அழுத்திவிட்டால் அந்தக் கடகடப்பு அடங்கும். ஒரு காலுக்கு மொத்தம் ஐந்தரைக் கிலோ இரும்பு, நான்குக்கும் 22 கிலோ. பழைய இரும்புக் கடையில் துண்டுகளாகப் பொறுக்கினால் செலவு இன்னும் இறங்கும்.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

‘நிலைப்படுத்திக் கால்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் சரிதான். ஆனால் இரும்புக்கு அடியில் குனிந்துகொண்டு இருப்பவன் வாயில் அது வராது. ‘ஸ்டெபிலைசர்’ என்றே விட்டுவிடலாமே என்றால், நம் ஊர் வீடுகளில் அது பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் கரண்டுப் பெட்டி. ‘ஜாக்கி’ எங்கே கொண்டுபோய் விட்டது என்று மேலேயே சொல்லிவிட்டேன். முன்பக்கம், டிராக்டரோடு மாட்டும் ஏர்க்கால் முனையில் வண்டியை உண்மையிலேயே தூக்கி இறக்கும் கருவி ஒன்று உண்டு. ஜாக்கி என்ற பெயர் அதற்கே இருக்கட்டும்.

‘முட்டு’ நல்ல சொல். பட்டறையில் இரண்டு மாதம் அதைச் சொல்லியும் பார்த்தேன். வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோம், காற்றுக்குச் சாயாமல் அது நிற்கிறது, பொருள் கிட்டத்தட்ட இதுவேதான். ஆனால் கட்டட வேலைக்காரர்கள் காதில் முட்டு என்றால் சென்டரிங் முட்டு. ஒரு தளத்துக் கான்கிரீட்டையே சுமக்கும் சவுக்குக் கழி. ‘முட்டுக்கட்டை’யோ பத்திரிகையில் தடை என்ற பொருளில்தான் வருகிறது. அதனால் மனமில்லாமல்தான் விட்டேன்.

எனக்குப் பொருந்தி வருவது ‘ஊன்றுகால்’. காலை ஊன்றி நில் என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். அங்கே யாரையும் தூக்கச் சொல்லவில்லை, அசையாதே என்றுதான் சொல்கிறோம். மரவள்ளிக் குச்சியை ஊன்றுகிறோம், மண்ணில் வைத்து ஓர் அழுத்து, அவ்வளவுதான். கை அறிந்த வேலை. மாட்டை அவிழ்த்துவிட்ட பிறகு நுகத்தடிக்குக் கீழே கவட்டைக் கொம்பு ஒன்றை ஊன்றி வைத்த காலம் எங்கள் அப்பாவோடு போய்விட்டது, சொல் மட்டும் இன்னும் வாயில் இருக்கிறது. ‘கால்’ என்பதற்கு விளக்கமே வேண்டாம். கட்டில் கால், பந்தக்கால், ஆரக்கால் என்று நிற்பதற்கும் நிறுத்துவதற்கும் அது காலம் காலமாக இருக்கிற சொல்.

இன்னொன்றும் உண்டு. கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டறைகளில் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் கன்னட வீட்டுப் பிள்ளைகளும் நிறைய. தெலுங்கில் கைத்தடி ‘ஊதகர்ர’, கன்னடத்தில் ‘ஊருகோலு’. அவர்களிடம் ஊன்றுகால் என்றால் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. என்னிடம் வேலை கற்க வந்த ராயக்கோட்டைப் பையன் ஒருவன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், கேட்டவுடனே கைத்தடி ஊன்றுவது போல நடந்து காட்டினான்.

> ஆனால் குறளில் ‘துன்பம் துடைத்தூன்றும் தூண்’ என்று வருகிறதே. அங்கே ஊன்றுதல் என்றால் தாங்குதல்தானே? உங்கள் மறுப்பு ஊன்றுகாலுக்கும் பொருந்தாதா?

பென்னாகரம் டீச்சரம்மா கேட்டது நியாயமான கேள்வி. இதற்காகவே ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆமாம், 615ஆம் குறளில் அந்தத் தூண் சுமக்கிற தூண்தான். அதே நூலில் 415ஐயும் பாருங்கள் அம்மா. வழுக்குகிற இடத்தில் உதவும் ‘ஊற்றுக்கோல்’ அங்கே வருகிறது, நம் ஊன்றுகோல்தான் அது. கோல் வைத்திருப்பவர் தன் இரண்டு காலால்தான் நடக்கிறார். உடம்பின் பாரமும் அந்தக் காலில்தான். சறுக்கும்போது விழாமல் பிடிப்பது மட்டும்தான் கோலின் வேலை. குட்டி வீட்டுக்குச் சக்கரம் கால் என்றால், நாம் இறக்கிவிடுவது அந்தக் கோல். இரண்டு பொருளும் சொல்லில் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்குப் பேச்சில் முந்திக்கொண்டு நிற்பது ஊன்றுகோலின் பொருள். ‘தாங்கு’ என்றாலோ முதலில் மனதில் வருவது சுமப்பதுதான்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊன்றுகால் வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘ஊன்றுக்கால்’ என்று எழுத வேண்டாம். சுடுகாடு, ஊறுகாய் போலத்தான்.

உறுப்புகளுக்கு நான் பட்டறையில் சொல்வது இவை: வெளிக்குழாய்க்கு உறை, உள்ளே போவதற்கு உள்கால், துளையில் செருகுவதற்கு நிறுத்தாணி, திருகுவதற்கு மரைத்தண்டு, அடித்தகட்டுக்குப் பாதம். மரை என்ற சொல்லை லேத்துப் பட்டறையில் இன்றும் எல்லாரும் சொல்கிறார்கள். வீடு மட்டமாக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் இருக்கிறது. இப்படி வேலைக்காரர் வாயில் நின்ற சொல்லை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டாம்.

ரசமட்டம் வைக்கும் முறையிலும் இந்தப் பெயர் உதவுகிறது. முதலில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. அப்புறம் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றி மட்டம் பார்க்க வேண்டும். மட்டத்தைக் காலால் சரிசெய்யக் கூடாது. மட்டம் வந்த பிறகு ஊன்றுகாலை இறக்கி, பாதம் பலகையைத் தொட்டதும் அரைச் சுற்று. மிஞ்சினால் ஒரு சுற்று. மழை பெய்த மறுநாள் நான்கையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்து, தளர்ந்திருந்தால் மறுபடி அந்த அரைச் சுற்று. ஆடிக் காற்றுக்கு வீட்டைத் தரையோடு இழுத்துக் கட்டுவது வேறு வேலை. ஊன்றுகால் கீழே அழுத்தத்தான் செய்யும், மேலே எழும்புவதைப் பிடிக்காது.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. இரண்டு ஊன்றுகாலுக்கு இடையே மூலைக்கு மூலை ஒரு கம்பி போட்டால் பக்கவாட்டு ஆட்டமும் நின்றுவிடுகிறது. உயரமான கால்களுக்கு அது கட்டாயம் வேண்டும். பட்டறையில் ‘கிராஸ்’ என்றுதான் சொல்கிறோம். ‘மூலைக்கம்பி’ என்று எழுதிப் பார்த்தேன், மூலையில் நிற்கும் கம்பி என்று படுகிறது. டீச்சரம்மாவும் ஓசூர் ஐயாவும் யோசித்துச் சொன்னால் நல்லது.

நாலாவது வீடு அடுத்த வாரம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறது. அதற்குள் குழுவில் வேறு நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்கிறேன். வராவிட்டால் நான்கு உறையின் மேலும் வெள்ளைப் பெயின்டில் எழுதி அனுப்புவதாக இருக்கிறேன்: ஊன்றுகால் – தொட்டதும் அரைச் சுற்று.