மூன்றாவது ஏவலுக்கு ஒரு பெயர்: ‘உளப்பாட்டு ஏவல்’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சு மொழியில் ஒருவரை ஒன்றைச் செய்யச் சொல்லும் ‘ஆம்பெராத்தீஃப்’ என்ற வினை வடிவத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘கட்டளை வினை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘வாழ்க’, ‘வருக’ போன்ற வடிவங்களைக் குறிக்கும் ‘வியங்கோள் என்ற பழைய சொல்லே போதும்’ என்றார் இன்னொரு ஐயா. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மதுரை நரிமேட்டில் வீட்டு மாடியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு பெண் ‘பேசுதல்’ வினையின் ஏவல் வடிவங்களை நோட்டில் எழுதி, பக்கத்தில் பொருளும் போட்டிருந்தாள். பார்ல் – பேசுக. பார்லோன் – பேசுக. பார்லே – பேசுக. மூன்று வரியிலும் அதே ‘பேசுக’. அவளுடைய துணைநூலில் ‘வியங்கோள்’ என்று அச்சாகியிருந்தது. தமிழ் வகுப்பில் படித்ததை நம்பி, ‘க’ விகுதியைச் சேர்த்துவிட்டாள். அவளை எப்படித் திருத்துவது? அவள் படித்த இலக்கணப்படி அது சரிதானே.

வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்கிறார் தொல்காப்பியர். பின்னால் வந்த நன்னூலார், எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் அது வரும் என்று விரித்துவிட்டார். எப்படிப் பார்த்தாலும் இடத்துக்கு இடம் வடிவம் மாறாது. யாரைச் சொன்னாலும் ‘வாழ்க’தான். பிரெஞ்சு ஏவலிலோ மூன்று தனித்தனி வடிவங்கள் உண்டு, படர்க்கைக்கு வடிவமே கிடையாது. ‘பிரான்சு வாழ்க’ என்னும் ‘வீவ் லா ஃப்ரான்ஸ்’ முழக்கத்தில் இருப்பது விருப்பம் போன்றவற்றைச் சொல்லும் ‘சுப்ஜோன்க்தீஃப்’ என்ற வேறொரு வடிவம். வியங்கோளை அதற்கு வைத்துக்கொள்வதே முறை.

‘கட்டளை’ அதைவிடப் பொருந்தாது. வீட்டுக்கு வந்தவரை ‘உட்காருங்கள்’ என்பது கட்டளையா? இயேசு கற்பித்த செபத்தில் அன்றாட உணவைக் கேட்கும் இடத்திலும் பிரெஞ்சில் இதே வடிவம்தான் வருகிறது: ‘தொன் நூ’, எங்களுக்குத் தாரும். கடவுளுக்கு யாரும் கட்டளை போடுவதில்லை.

‘ஏவல்’ என்ற நம் சொல் இதையெல்லாம் தாங்கும். ‘பார்ல்’ ஏவல் ஒருமை: பேசு. ‘பார்லே’ ஏவல் பன்மை: பேசுங்கள். பலரிடம் பேசும்போதும் மதிப்புக்குரிய ஒருவரிடம் பேசும்போதும் ‘பார்லே’தான், நம் ‘நீங்கள்’ மாதிரியே. இதை ஆங்கிலம் வழியாக விளக்கினால் பிள்ளைகள் முழிப்பார்கள். தமிழில் சொன்னால் ஒரே நிமிடம்.

சிக்கல் நடுவில் நிற்கும் ‘பார்லோன்’தான். ‘பேசுவோம்’, ‘பேசலாம் வாங்க’ என்று பொருள். தமிழில் ஏவல் முன்னிலைக்கே உரியது, ஆகவே இதற்குப் பெயர் இல்லை. ஆனால் பேச்சில் நம்மிடம் இந்தப் பயன்பாடு இருக்கிறது. பெரியார் பேருந்து நிலையத்தில் திருப்பரங்குன்றம் பஸ் ஏறிப் பாருங்கள். படியில் தொங்குகிறவர்களிடம் நடத்துநர், “அண்ணே, உள்ள போவோம், உள்ள போவோம்” என்பார். அவர் நகர மாட்டார், நாம்தான் நகர வேண்டும். தன்னையும் சேர்த்துச் சொல்வதால் ஏவல் உறுத்தாமல் இறங்குகிறது. கொதித்துப் பேசுகிறவரிடம் பிரெஞ்சுக்காரர் ‘கால்மோன் நூ’, ‘அமைதியாவோம்’ என்பதும் இப்படித்தான்.

இதற்கு நான் முன்வைக்கும் சொல்: உளப்பாட்டு ஏவல். பேசுகிறவர் பிறரையும் தன்னோடு சேர்த்துச் சொல்வதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று நம் இலக்கணம் ஏற்கெனவே அழைக்கிறது. அங்கிருந்து எடுத்தேன்.

உளப்பாடு படர்க்கையாரைச் சேர்ப்பதற்கும் வருமே என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அம், ஆம் விகுதிகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் விகுதிகள் படர்க்கையாரையும் சேர்க்கும் என்று நன்னூலார் பிரித்திருக்கிறார். ‘முன்னிலை உளப்பாட்டு ஏவல்’ என்றால் துல்லியமாக இருக்கும், ஆனால் வாய் வலிக்கும். ‘ஏவல்’ என்றாலே எதிரில் ஒருவர் இருக்கிறார், அவரைச் சேர்த்துத்தான் சொல்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. குறுகிய வடிவமே போதும். பிரெஞ்சில் தன்மைப் பன்மையைக் குறிக்கும் ‘நூ’வுக்கு நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது. மேலே சொன்ன செபத்தில் அது ‘எங்களுக்கு’. ஏவல் வடிவத்துக்குள் வரும்போது மட்டும் எப்போதும் ‘நாம்’. இந்தப் பெயர் அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும்.

அப்புறம், இன்னொரு சிறிய விஷயம். பிரெஞ்சில் ‘வா’ என்றால் ‘போ’. முதல் நாள் வகுப்பில் சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆகும். இந்த வினையில் ‘நீ’க்கு உரிய நிகழ்கால வடிவத்தின் கடைசியில் எழுதும் ‘எஸ்’ ஏவலில் விழுந்துவிடும். ஆனால் ‘அங்கே’ என்று பொருள்படும் ‘ஈ’ பின்னால் வந்தால், இரண்டு உயிர் ஒட்டாது என்று அந்த ‘எஸ்’ திரும்பி வரும்: ‘வாஸீ’. மணி, அடி இரண்டும் சேரும்போது நடுவில் ‘ய்’ வருகிற அதே வேலை. உடம்படுமெய் என்றேன், பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது. அதற்குப் புதுச்சொல் தேவையில்லை.

‘உளப்பாட்டு ஏவல்’ பற்றி மறுப்போ, இதைவிட எளிய சொல்லோ இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலை வகுப்பில் பலகையில் எழுதிப் போட வேண்டும்.