நிக்கலஸ் சகோதரர்களின் மற்ற நடனங்கள் எங்கே கிடைக்கும்?
நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். 1943-இல் கறுப்பினக் கலைஞர்கள் நடித்து வந்த 'ஸ்டார்மி வெதர்' என்ற ஹாலிவுட் படத்தை நேற்று இரவு அப்பாவோடு பார்த்தேன், இன்னும் மனசு அங்கேயே நிற்கிறது. பாடகர் கேப் கேலோவே பாடி முடித்ததும் நடனக் கலைஞர்களான நிக்கலஸ் சகோதரர்கள் இருவரும் பெரிய படிக்கட்டில் ஒருவர் தலைக்கு மேல் மற்றவர் தாண்டிக் குதித்து, காலை விரித்தபடி கீழ்ப்படியில் விழுந்து, கையை ஊன்றாமலே எழுகிறார்கள். அப்பா மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னார்! அதே ஆண்டு வந்த 'கேபின் இன் த ஸ்கை' பார்த்தாயிற்று, எத்தல் வாட்டர்ஸ் குரலுக்காகவே இன்னொரு தடவை பார்ப்பேன். அப்புறம், வெள்ளையர் நடித்த படங்களில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் பாடிய காட்சிகளை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெட்டிவிட்டுத்தான் காட்டினார்கள். அவை வெட்டாமல் இருக்கும் நல்ல பிரதி, வசன வரிகளோடு, எங்கே கிடைக்கும்? சகோதரர்கள் ஆடிய வேறு படங்களையும் சொல்லுங்கள்.