ஸமோஷ்ச்சிலிருந்து சாண்டோமியெஷ், ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போவது?

போலந்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன், இப்போது ஸமோஷ்ச்சில் மாட்டிக்கொண்டேன். நாளை ஞாயிறு இரவுக்குள் சாண்டோமியெஷ் போய்ச் சேர வேண்டும், அங்கே அறைக்குக் கட்டிய பணம் திரும்ப வராது. வரைபடத்தில் நேர் மேற்கே நூறு சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் நேரடி ரயில் கிடையாது. நான் நம்பியிருந்த காலை மினிபஸ் ரத்து என்று மதியம் குறுஞ்செய்தி வந்தது.

பேருந்து நிலையத்தில் போய்ப் பார்த்தேன். அட்டவணையில் ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு குறி, போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால் முக்கால்வாசி 'திங்கள் முதல் வெள்ளி வரை'. டிக்கெட் கவுண்டர் மூடியிருந்தது. விடுதிப் பெண் இரண்டு இடங்களுக்கு போன் போட்டுப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. செயலியில் லுப்ளின் வழியாகத் தேடினால் அங்கிருந்து திங்கள் காலைதான் காட்டுகிறது. டாக்ஸி கேட்டேன், சொன்ன தொகைக்கு இன்னும் மூன்று நாள் ஊர் சுற்றலாம்.

ஸமோஷ்ச், 1580-இல் யான் ஸமோய்ஸ்கி என்ற போலந்துப் பிரபு ஒரு இத்தாலியக் கட்டடக்கலைஞரை வைத்துக் கட்டிய ஊர், சதுக்கம் கொள்ளை அழகு, இன்னொரு நாள் தங்கக் கசக்காது, ஆனால் செவ்வாய் காலை கிராக்கோவில் விமானம்.

கையில் ஒரு முதுகுப்பைதான், இரண்டு மூன்று வண்டி மாறினாலும் பரவாயில்லை. லுப்ளின் அல்லது ஷெஷுஃப் வழியாக ஞாயிற்றுக்கிழமையில் யாராவது சாண்டோமியெஷ் போயிருக்கிறீர்களா, எந்த ஊரில் மாறினீர்கள்?