காங்கேயம் மாடு வளர்ப்போர் சங்கம்: விதிமுறை எழுத உதவி தேவை

எங்கள் பக்கத்து ஊர்களில் மாடு வைத்திருக்கும் பதினான்கு பேர் சேர்ந்து காங்கேயம் இனத்துக்கு ஒரு சங்கம் தொடங்குகிறோம். முன்பு ஒரு முயற்சி நடந்தது. எந்தப் பூச்சிக்காளைக்கு (இனவிருத்திக் காளைக்கு) எந்தக் கன்று என்ற கணக்கெல்லாம் தலைவர் கையில் ஒரே நோட்டில் இருந்தது. அவர் விலகியதும் நோட்டும் போய்விட்டது. போன மாதம் என் மயிலைப் பசு (சாம்பல் நிறப் பசு) செந்நிறக் கன்று போட்டது. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். என் கன்றின் பாட்டன் காளை எது என்று இன்று சொல்ல ஆள் இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

அமெரிக்காவில் ஓங்கோல், கீர், காங்கிரேஜ் போன்ற நம் நாட்டு மாடுகளிலிருந்து பிராமன் என்ற இறைச்சி இனத்தை உருவாக்கினார்கள். அதற்கு 1924-லேயே ஹூஸ்டனில் சங்கம் வைத்து வம்சப் பதிவேடு தொடங்கிவிட்டார்கள். டெக்சாஸிலோ ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலோ அந்த மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இருந்தால், அங்குள்ள சங்க விதி எப்படி என்று சொல்லுங்கள். தலைவர் பதவிக்கு எத்தனை ஆண்டு? தலைவரின் சொந்தக் காளையைப் பதியும்போது சரிபார்ப்பது யார்? தாய் தகப்பன் சந்தேகம் வந்தால் டிஎன்ஏ சோதனைச் செலவு யார் தலையில்? எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம், அங்கேதான் போன முறை சண்டை வந்தது.

அப்புறம், தமிழில் எழுதிய சங்க விதிமுறை நகல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். மாட்டுச் சங்கமாக இல்லாவிட்டாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுகிறோம், அதற்குள் கிடைத்தால் நல்லது.