பனிமுறிவு: கடல்முகப் பனியாறுகளுக்கு ஒரு சொல் முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

அலாஸ்காவின் கிளேசியர் பே, கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காக்களில் விலங்குகளைக் காணப் படகில் செல்வோருக்கான விளக்கவுரைச் சொற்பட்டியலில், பனியாறு (நிலத்தின் மேல் மெல்ல நகரும் பெரும் பனித்திரள்) தன் கடல் முனையில் பிரிந்து பெருந்துண்டுகளை நீரில் விடும் நிகழ்வுக்கு, அதாவது ஆங்கிலத்தில் கன்று ஈனுதல் என்று பொருள்படும் ‘கால்விங்’ என்பதற்கு, முந்தைய மடல்களில் கன்றீனல், பனிவீழ்ச்சி, பனியுடைப்பு ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டன. இம்மூன்றையும் விடுத்துப் ‘பனிமுறிவு’ என்பதை ஏற்கலாம் என்பது என் கருத்து.

கன்றீனல் அழகான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு என்று ஒருவர் ஒதுக்கியதையும் நான் ஏற்கவில்லை. வாழைக்கும் கன்று உண்டு, நெல்லும் கதிர் ஈனும் என்று வழங்கும் மொழியில் பனியாறு கன்று ஈன்றது என்பது செயற்கையாக ஒலிக்காது. என் தயக்கம் அச்சொல் ஒலிக்கப்போகும் இடத்தைப் பற்றியது. பனியாற்றிலிருந்து பிரிந்து மிதக்கும் கட்டிகளின் மேல்தான் கடல்நாய்கள் (சீல்கள்) குட்டி ஈனுகின்றன. இதற்காகவே கிளேசியர் பேயின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நுழைகழி (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்பகுதி) மே 1 முதல் ஜூன் 30 வரை படகுகளுக்கு மூடப்படுகிறது. குளிர்காலத்தில் ஹவாய்க் கடலில் ஈன்ற கன்றோடு கூன்முதுகுத் திமிங்கிலங்களும் கோடையில் இதே அலாஸ்கா நீர்ப்பரப்புக்கு வருகின்றன. இந்நிலையில், காற்றும் இயந்திர ஓசையும் பாதியை விழுங்கிவிடும் ஒலிபெருக்கியில் ‘இது ஈனும் பருவம், படகு நெருங்காது’ என்று வழிகாட்டி அறிவித்தால், ஈனுவது கடல்நாயா பனியாறா என்று கேட்பவர் எப்படி அறிவார்? கடல்நாய்க்குக் குட்டி, பனியாற்றுக்குக் கன்று என்று பிரித்துக்கொள்ளலாம் என்ற விடை அச்சுப் பக்கத்துக்குப் பொருந்தும். படகின் மேல்தளத்துக்குப் பொருந்தாது.

பனிவீழ்ச்சியில் இரண்டு இடர்கள் உள்ளன. வானிலிருந்து பனி பெய்வதை நாளிதழ்கள் ஏற்கெனவே அப்பெயரால் சுட்டுகின்றன என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, இந்நிகழ்வு எப்போதும் வீழ்ச்சியாக இருப்பதில்லை என்பது. கடல்நீர் பனிமுகத்தை, அதாவது பனியாற்றின் முனையை, நீர்மட்டத்துக்குக் கீழே கரைத்து அரிக்கிறது. தாங்கல் இழந்த மேற்பகுதி முறிந்து விழுவது கண்ணுக்குத் தெரியும் பாதி மட்டுமே. நீருக்குள் இருக்கும் பகுதியும் முறிகிறது, முறிந்த கட்டி கடல்நீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால் விசையோடு மேலெழுந்து, முகத்திலிருந்து விலகிய இடத்தில்கூட முன்னறிவிப்பின்றி நீரைப் பிளந்துகொண்டு வெளிப்படுகிறது. படகுகள் பனிமுகத்தை விட்டுத் தள்ளி நிற்பதற்கு விழும் பனி எழுப்பும் அலையோடு இதுவும் ஒரு காரணம். மேலெழுவதை வீழ்ச்சி என்று சொல்லிப் பயணியைத் தவறான திசையில் பார்க்கவைப்பது முறையன்று.

பனியுடைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடைப்பு என்றதும் கரை உடைத்துப் பாயும் வெள்ளமே நம் நினைவுக்கு வரும். ஜூனோ நகரை ஒட்டிய மெண்டன்ஹால் பனியாற்றின் பக்கப் பள்ளத்தில் தேங்கும் நீர் 2011 முதல் அவ்வப்போது வெளியேறி வெள்ளமாகப் பாய்ந்துவருகிறது. உடைப்பு என்ற சொல்லை அந்த நிகழ்வுக்கே ஒதுக்கிவைப்பது நல்லது.

முறிவு என்னும் சொல்லில் விழுதலோ எழுதலோ இல்லை; முழுமையாக நின்ற ஒன்று இரண்டாகப் பிரிவது மட்டுமே இருக்கிறது. ‘பனி முறிகிறது’ என்று வினையாகவும் தடையின்றி வரும். அதற்கு மேலும் ஒரு நன்மை உண்டு. முறி என்றால் துண்டு என்ற பொருள் பழக்கத்தில் இருப்பதால், மிதக்கும் கட்டிகளுக்கும் இதே வேரிலிருந்து பெயர் கிடைக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கு மிகுந்து நிற்பதைப் பனிப்பாறை என்றும், 1 முதல் 5 மீட்டர் வரை தெரிவதைப் பனிமுறி என்றும், 1 மீட்டருக்கும் குறைவாகத் தலைகாட்டுவதைத் தாழ்முறி என்றும் வகுக்கலாம். கடைசி வகைக்கு ஆங்கிலத்தில் உறுமுவது என்ற பொருளில் பெயர் இருப்பதைக் காட்டி ‘உறுமி’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கடலில் உறுமி மிதக்கிறது என்றால் தோற்கருவி ஒன்று தவறி விழுந்துவிட்டதாகவே பலரும் எண்ணுவார்கள். தாழ்முறி என்ற சொல் ஆபத்தின் தன்மையையும் உணர்த்துகிறது: பனிக்கட்டியின் பெரும்பகுதி, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, நீருக்குள் மறைந்திருப்பதால், அலைகளுக்கிடையே கண்ணில் படாத இச்சிறு கட்டியே படகோட்டிக்குப் பெருந்தொல்லை தருகிறது.

பனிப்பாறை என்ற சொல்லைப் பனியாற்றுக்கும் கையாளும் நாளிதழ் வழக்கை நம் பட்டியல் பின்பற்றக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று நிலத்தின் மேல் நகர்வது, மற்றொன்று அதிலிருந்து பிரிந்து மிதப்பது. இரண்டுக்கும் ஒரே பெயரானால் பனிமுறிவு எதிலிருந்து எது உண்டாவது என்பதே விளங்காது. ஆறு கடலோடு கலக்குமிடத்தைக் கழிமுகம் என்கிறோம். அந்த மரபிலேயே பனியாற்றின் முனையைப் பனிமுகம் என்றும், கடலில் முடியும் பனியாற்றைக் கடல்முகப் பனியாறு என்றும் குறித்திருக்கிறேன்.

விலங்குப் பட்டியலில் கடல்நாயும் கடல் நீர்நாயும் அடுத்தடுத்து நிற்பது குறித்து எழுந்த வினாவுக்குச் சுருக்கமான விடை: முன்னது பனிமுறிகளில் படுத்திருக்கும் சீல், பின்னது மல்லாந்து மிதந்து வயிற்றின் மேல் சிப்பியை உடைத்துத் தின்னும் நீர்நாய். ஓர் எழுத்துப்பிழையில் ஒன்று மற்றொன்றாகிவிடும் என்பதால், முன்னதைச் சீல் என்றே வைத்துக்கொள்வதை நான் எதிர்க்கமாட்டேன்.

பனிமுறிவு, பனிமுறி, பனிமுகம் ஆகிய மூன்றையும் பட்டியலில் சேர்க்க ஒப்புதல் வேண்டுகிறேன். தாழ்முறியை இப்போதைக்கு அடைப்புக்குறிக்குள் வைக்கலாம். கடலோர மீனவரிடையே பாதி மூழ்கி மிதப்பவற்றுக்கு வழங்கும் சொல் ஏதேனும் இருந்தால், அதை அறிந்தவர்கள் எழுதவும். அத்தகைய சொல் கிடைப்பின் என்னுடையதை விலக்கிக்கொள்கிறேன்.