இரண்டு ராமையும் சேர்த்துப் போட்டால் மட்டும் நீலத்திரை வருகிறது

நண்பர்களே, போன மாதம் தாம்பரத்தில் ஒருவரிடம் 28,000 ரூபாய்க்குப் பழைய கேமிங் லேப்டாப் வாங்கினேன். 2019 மாடல், ஐ5-9300எச் பிராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 10. உள்ளே 8 ஜிபி டிடிஆர்4 ராம் (நினைவகம், வேகம் 2666) இருந்தது. இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ரிச்சி தெருவில் இன்னொரு 8 ஜிபி (வேகம் 3200, வேறு கம்பெனி) வாங்கிப் போட்டேன். 16 ஜிபி காட்டுகிறது, வேகம் 2666. ஆனால் கேம் தொடங்கி இருபது நிமிடத்தில் படம் அப்படியே நிற்கிறது, ஸ்பீக்கரில் கடைசிச் சத்தம் மட்டும் கிர்ரென்று இழுக்கிறது, உடனே விண்டோஸின் பிழை காட்டும் நீலத்திரை: ‘மெமரி மேனேஜ்மென்ட்’.

ராமின் தங்க நிறப் பற்களை ரப்பரால் துடைத்துப் பார்த்தேன். பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தேன். சூடும் இல்லை, 78 டிகிரியைத் தாண்டவில்லை. எந்த ராமைத் தனியாகப் போட்டாலும், எந்த ஸ்லாட்டில் போட்டாலும், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியும் ஒரு பிழை இல்லை. சேர்த்துப் போட்டால்தான் பிழை வருகிறது. தம்பி இதில்தான் பிளெண்டர் (3டி படம் செய்யும் மென்பொருள்) பழகுகிறான், 8 ஜிபி அவனுக்குப் போதவில்லை.

ஒரே மாதிரி இரண்டு 2666 ராம் ஜோடியாக வாங்கினால் இது தீருமா, இல்லை மதர்போர்டைக் காட்ட வேண்டுமா?