கம்யூனிட்டி பூலைத் திறப்பதா வேண்டாமா? என் ஓட்டில் வந்து நிற்கிறது

கேரி அப்பா (ஜூன் 2020):
நார்த் கரோலினாவில் கேரி பக்கம் 210 வீடுகள் உள்ள கம்யூனிட்டி எங்களுடையது. போன வருடம் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கூட்டத்துக்கு வேறு யாரும் வராததால் என்னைப் பிடித்து போர்டில் போட்டுவிட்டார்கள். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன். கொரோனாவுக்காக மூடிய பூல்களை மே 22 முதல் பாதிக் கூட்டத்தோடு திறக்கலாம் என்று கவர்னர் ராய் கூப்பர் சொல்லிவிட்டார். போர்டில் ஐந்து பேர். இரண்டு பேர் திற என்கிறார்கள், இரண்டு பேர் கூடாது என்கிறார்கள். மிச்சம் நான்.

திறக்கச் சொல்பவர்களுக்குக் கட்டிய சந்தா வீணாகிறதே என்ற கோபம். கூடாது என்பவர்கள் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டின் மெயிலைக் காட்டுகிறார்கள்: தொற்றுநோய் என்று யாராவது வழக்குப் போட்டால் எங்கள் பாலிசி கை கொடுக்காதாம்.

என் வீட்டிலும் இதே இழுபறிதான். மகளுக்கு எட்டு வயது, மார்ச்சிலிருந்து பள்ளிக்கூடமே லேப்டாப்பில். அவள் ஜன்னலில் நின்றால் பூல் தெரியும். அம்மா ஜனவரியில் வந்தவர், விமானங்கள் நின்றதால் ஊர் திரும்ப முடியவில்லை. 71 வயது, சர்க்கரை வேறு. தண்ணீர் வழியாகக் கொரோனா பரவுமா? திறந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஃபிரிஸ்கோ வாசி:
டெக்சாஸில் மே 8-லேயே அனுமதி வந்துவிட்டது, முதலில் கால்வாசிக் கூட்டம்தான். எங்கள் பூலில் தண்ணீருக்குள் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் நாற்காலியால். ஆறடி தள்ளித் தள்ளிப் போட்டு, தரையில் டேப் ஒட்டி, போர்டும் எழுதி வைத்தோம். சனிக்கிழமை மதியம் போய்ப் பார்த்தால் எல்லா நாற்காலியும் வட்டமாகக் கிடக்கிறது, நடுவில் ஐஸ் பெட்டி! மறுநாளே அத்தனையையும் அள்ளி ஷெட்டில் போட்டுப் பூட்டினோம். உட்கார இடம் இல்லையென்றால் நீந்தியவர் தானாக வீட்டுக்குப் போய்விடுகிறார்.

ராலே நர்ஸ்:
பூல் தண்ணீர் வழியாகப் பரவுவதாக ஆதாரம் இல்லை என்று சி.டி.சி. (அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம்) சொல்லியிருக்கிறது, பராமரிப்பு ஒழுங்காக இருந்தால். குளோரின் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறையக்கூடாது; வெயிலில் குளோரின் சிதையாமலிருக்க ஸ்டெபிலைசர் கலந்திருந்தால் 2. பி.எச். (அமில-காரத் தன்மை) 7.2-இலிருந்து 7.8-க்குள். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் குளோரின் தாராளமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வலுவிழந்த குளோரினின் வாடைதான் அது.

நான் பயப்படுவது ஆழமில்லாத பக்கத்துப் படிக்கட்டுக்குத்தான். குழந்தையை இறக்கிவிட்டு அப்பா அம்மாக்கள் அங்கே முகத்தோடு முகம் வைத்து அரை மணி நேரம் பேசுவார்கள். நனைந்த மாஸ்க்கில் மூச்சு விட முடியாது, அதனால் தண்ணீருக்குள் மாஸ்க்கும் கிடையாது. இன்னொன்று: லைஃப்கார்டை மாஸ்க் போலீஸ் ஆக்காதீர்கள். இந்த நாட்டில் ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகள், பிறவிக் குறைபாடுகளை விட்டால், தண்ணீரில் மூழ்கித்தான் அதிகம் இறக்கிறார்கள். லைஃப்கார்டின் கண் தண்ணீரை விட்டு நகரக்கூடாது. இடைவெளி பார்க்க வேறு ஆள் போடுங்கள்.

பெருங்குடி மாமா:
ஊரே வேலையில்லாமல் கிடக்கும்போது பூலுக்கு ஓட்டெடுப்பா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஜன்னலில் நிற்கும் குழந்தையைப் பற்றிப் படித்ததும் அடங்கிவிட்டது. எங்கள் அடுக்குமாடியில் மார்ச்சிலேயே பூலைப் பூட்டினார்கள், சரி. கூடவே மோட்டாரையும் நிறுத்திவிட்டார்கள். மே வெயிலில் தண்ணீர் பச்சைப் பசேல் என்று ஆகி, கொசுப்புழு நெளிந்தது. கொரோனாவுக்குப் பயந்து டெங்குவை வளர்த்தோம். நீங்கள் திறக்காவிட்டாலும் மோட்டார் ஓடட்டும்.

கேரி அப்பா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஜூமில் ஓட்டெடுப்பு முடிந்தது. கூடாது என்ற இருவரில் ஒருவருக்கு 78 வயது. அவர் சிறுவனாக இருந்தபோது போலியோ பயத்தில் அவர் ஊர்ப் பூலை மூடினார்களாம். 1955-இல் தடுப்பூசி வரும்வரை கோடை வந்தாலே அவருடைய அம்மா வெளியே விடமாட்டாராம். "ஒரு கோடை போனால் போகட்டும், நான் பிழைத்துத்தானே இருக்கிறேன்" என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் திறக்கத்தான் ஓட்டுப் போட்டேன்.

நாற்காலி கிடையாது, தின்பண்டம் கிடையாது. சட்டப்படி 38 பேர் வரலாம், நாங்கள் 20-க்கு மேல் விடப்போவதில்லை. கேட்டில் பெயர் சரிபார்க்க போர்டு ஆட்களே முறை வைத்து நிற்கிறோம். சனிக்கிழமை என் முறை. மகளுக்குக் காலை எட்டு மணி ஸ்லாட் எடுத்திருக்கிறேன், கூட்டம் இருக்காது. வந்ததும் குளித்துவிட்டுத்தான் பாட்டி அறைப் பக்கம் போகவேண்டும் என்று ஒப்பந்தம்.

அம்மாவுக்கு இதிலெல்லாம் அக்கறையே இல்லை. ஆடிப்பெருக்குக்குள் ஊர் போய்விடுவேனா என்பது ஒன்றுதான் கேள்வி. வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காக இந்திய அரசு விடும் வந்தே பாரத் விமானத்தில் சென்னைக்கு இடம் பிடித்தவர்கள் இங்கே இருந்தால், எப்படிக் கிடைத்தது என்று எழுதுங்களேன்.